ஒரு வாரம், ஒரு நகரம்: வான்கூவரா, கால்கரியா?

கனடாவின் மேற்குப் பகுதியைப் பார்க்க ஒரு வார விடுமுறை ஒதுக்கியிருப்பவர்கள், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியது, தங்கப்போவது வான்கூவரிலா, கால்கரியிலா என்பதைத்தான். வரைபடத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஆல்பர்ட்டாவும் ஒட்டிக்கொண்டிருப்பதால், இரண்டு நகரங்களையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம் என்று பலரும் திட்டம் போடுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 970 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே பத்து, பதினோரு மணி நேரம் ஆகும், அதுவும் மலைக் கணவாய்களைக் கடந்து. இரண்டையும் ஒரே வாரத்தில் திணித்தால் விடுமுறையில் பாதி ஓட்டத்திலேயே போய்விடும். ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரு நகரம் என்று வைத்துக்கொண்டு, உணவையும் திறந்தவெளிச் சுற்றுலாவையும் முன்னிறுத்தி இரண்டையும் எடைபோடுவோம்.

அடிப்படை வேறுபாடு நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வான்கூவரில் கடலும் காடும் மலையும் நகரத்துக்குள்ளேயே சந்தித்துக்கொள்கின்றன. காலையில் கடற்கரையில் நடந்தவர் மதியம் மலைக்காட்டில் நிற்கலாம், இரவு உணவுக்கு அறைக்குப் பக்கத்திலேயே வந்துவிடலாம். கால்கரியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,045 மீட்டர் உயரத்தில், புல்வெளிச் சமவெளி முடிந்து மலையடிவாரம் தொடங்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் நகரம். அங்கிருந்து பார்த்தால் மேற்கு அடிவானத்தில் ராக்கி மலைத்தொடர் வெண்பற்களோடு தெரியும், ஆனால் அந்த மலைகளுக்குள் இருக்கும் பான்ஃப் நகரத்தை அடைய ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். என்னைக் கேட்டால், வான்கூவர் தங்கியிருப்பதற்கான நகரம், கால்கரி புறப்பட்டுச் செல்வதற்கான நகரம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்குகள் தாமாகவே ஒழுங்குக்கு வரும்.

முதல் கணக்கு வண்டி. உங்கள் குழுவில் வலப்பக்கச் சாலையில் தயக்கமின்றி ஓட்டக்கூடியவர் ஒருவராவது இருக்கிறாரா? இல்லையென்றால் பெரும்பாலும் விடை வான்கூவர்தான். 2010 குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு 2009இல் திறக்கப்பட்ட கனடா லைன் என்ற ரயில், விமான நிலையத்துக்குள்ளிருந்தே கிளம்பி ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்தில் நகர மையத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதே ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கி சீபஸ் என்னும் பயணிகள் படகில் ஏறினால், பன்னிரண்டு நிமிடத்தில் கடற்கழிக்கு அப்பால் வடகரையில், மலைகளின் காலடியில் இருப்பீர்கள். ரயிலுக்கும் படகுக்கும் பேருந்துக்கும் ஒரே கட்டண முறை. கால்கரியிலும் சி-ட்ரெயின் என்ற நகர ரயில் 1981 முதல் ஓடுகிறது, நகர மையத்தில் 7ஆம் அவென்யூ வழியாகச் செல்லும் பகுதியில் அதற்குக் கட்டணமே கிடையாது என்பதும் உண்மை. ஆனால் அது விமான நிலையத்துக்கும் போகாது, மலைக்கும் போகாது. கோடைக்காலத்தில் பான்ஃபுக்குப் பேருந்துகள் இருக்கின்றன. இருந்தாலும் வண்டியில்லாமல் கால்கரியில் ஒரு வாரம் தங்குவது என்றால், தினமும் பேருந்து அட்டவணைக்கு ஏற்பத்தான் எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

திறந்தவெளியைப் பொறுத்தவரை வான்கூவரில் முதல் நாளை ஸ்டான்லி பூங்காவுக்கு ஒதுக்குவதே வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. 1888இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 400 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காட்டைச் சுற்றிக் கடலோரமாகக் கற்சுவரின்மேல் ஒரு பாதை போகிறது. பூங்காவைச் சுற்றும் பகுதி மட்டும் ஒன்பது, பத்துக் கிலோமீட்டர். மிதிவண்டியில் செல்பவர்கள் இடஞ்சுழியாக, ஒரே திசையில்தான் செல்ல வேண்டும். வாடகை மிதிவண்டிக் கடைகள் பூங்கா வாசலையொட்டிய டென்மன் தெருப் பக்கம் இருக்கின்றன. பூர்வகுடிகளின் செதுக்குத் தூண்கள் நிற்கும் பிராக்டன் முனை, 1938இல் கட்டப்பட்ட லயன்ஸ் கேட் பாலத்தின் அடிப்பகுதி, கடலுக்குள் தனியே நிற்கும் சிவாஷ் பாறை எல்லாம் இந்த ஒரே சுற்றில் வந்துவிடும். பூங்காவுக்குப் போகும் வழியில் கோல் ஹார்பர் கரையில் கோமகட்டா மாரு நினைவிடம் இருக்கிறது. 1914இல் 376 இந்தியப் பயணிகளோடு வந்த அந்தக் கப்பலை இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்து, பெரும்பாலோரைக் கரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பிய வரலாற்றை அறிந்தவர்கள் அங்கே சற்று நிற்காமல் போக மாட்டார்கள்.

வடகரையில் தொங்குபாலம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குள் ஒரு சிறு ஒப்பீடு தேவைப்படுகிறது. எல்லாச் சுற்றுலாக் கையேடுகளிலும் முதலில் வரும் கப்பிலானோ தொங்குபாலம் 140 மீட்டர் நீளமும் 70 மீட்டர் உயரமும் கொண்டது, அதன் முதல் வடிவம் 1889ஆம் ஆண்டையது. நுழைவுக் கட்டணமோ ஒரு நால்வர் குடும்பத்தை யோசிக்கவைக்கும் அளவுக்கு அதிகம். அதற்குக் கிழக்கே லின் பள்ளத்தாக்கில் 1912 முதல் இருக்கும் இன்னொரு தொங்குபாலம் உண்டு. நீளத்தில் சிறியது, உயரம் ஏறத்தாழ 50 மீட்டர், கட்டணம் கிடையாது. எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும், பின்னால் வரும் சிறுவன் வேண்டுமென்றே குதித்தால் பாலம் முழுவதும் அதை உணரும். கீழே பச்சை நீர் பாறைகளுக்கிடையே ஒடுங்கி ஓடுகிறது. கப்பிலானோவில் மரங்களுக்கிடையே கட்டிய நடைபாதைகள், பாறைமுகத்தில் ஒட்டிய நடைமேடை என்று வேறு சில ஏற்பாடுகள் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் காட்டையும் பாலத்தையும் மட்டும் நாடுகிறவர் லின்னுக்குப் போய்விட்டு, மிச்சமான பணத்தை இரவு உணவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கால் வலு உள்ளவர்களுக்கு கிரவுஸ் கிரைண்ட் இருக்கிறது: இரண்டரைக் கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 800 மீட்டர் செங்குத்தாக ஏறும், 2,830 படிகள் கொண்ட காட்டுப்பாதை. ஏறுவதற்கு மட்டுமே அனுமதி, இறங்கக் கட்டணம் செலுத்தி கம்பிவட ஊர்தியில் வர வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இதை உடற்பயிற்சிக் கூடமாகவே நினைக்கிறார்கள்; காட்சி தேடி ஏறுபவருக்கு உச்சிவரை மரங்களின் அடிப்பாகம் தவிர வேறொன்றும் தெரியாது என்பதால் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒருநாள் வண்டி எடுக்க முடிந்தால் 99ஆம் எண் நெடுஞ்சாலையில் ஸ்குவாமிஷ் வழியாக விஸ்லர் என்னும் மலையூர்வரை போய் வரலாம். ஏறத்தாழ 120 கிலோமீட்டர், ஒரு பக்கம் கடற்கழி, மறுபக்கம் மலைச்சுவர், வழியில் 335 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷானன் அருவி.

இத்தனையும் சொன்ன பிறகும், மலை என்று வந்துவிட்டால் கால்கரியின் பக்கம்தான் தராசு தாழும். வான்கூவரின் மலைகள் அழகானவை. ராக்கி மலைகள் வேறு அளவிலானவை. 1885இல் பாதுகாக்கப்பட்ட நிலமாக ஒதுக்கப்பட்டு கனடாவின் முதல் தேசியப் பூங்காவாக வளர்ந்த பான்ஃப், கால்கரியிலிருந்து 130 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து மேலும் அறுபது கிலோமீட்டர் போனால் லூயிஸ் ஏரி. பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கிய மாவுபோன்ற துகள் நீரில் கரையாமல் மிதப்பதால்தான் அந்த ஏரிகளுக்கு நம்ப முடியாத அந்த நீலப்பச்சை நிறம் வருகிறது. கோடையில் பனியாற்று நீர் வந்து சேரச் சேரத்தான் நிறம் முழுமை பெறும். ஜூன் தொடக்கத்தில் போனால் லூயிஸ் ஏரியில் இன்னும் பனிக்கட்டியைக்கூடப் பார்க்க நேரலாம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை நல்ல காலம். செப்டம்பர் பின்பாதியில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகி உதிரும் இரண்டு, மூன்று வாரங்களுக்காகவே வருபவர்களும் உண்டு.

இங்கே பெரும்பாலோர் இடறும் இடம் மொரெய்ன் ஏரி. பத்துச் சிகரங்கள் பின்னணியில் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இந்தப் பயணத்துக்கே ஆசைப்படுகிறார்கள். ஆனால் 2023 முதல் அந்த ஏரிக்குச் செல்லும் சாலையில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. பூங்கா நிர்வாகம் நடத்தும் பேருந்திலோ, அனுமதி பெற்ற வேறு பேருந்துகளிலோ முன்பதிவு செய்துதான் போக வேண்டும். நிர்வாகப் பேருந்தின் இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்த காலத்திலும், மீதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் காலையிலும் திறக்கிறார்கள். கோடை வார இறுதிகளில் அவை விரைவாகத் தீர்ந்துவிடும். பேருந்து கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பாறைச்சுவரில் இரும்பு நடைமேடை பொருத்திய ஜான்ஸ்டன் பள்ளத்தாக்கில் கீழ் அருவிவரை ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய நடைதான், குழந்தைகளும் முதியவர்களும் நடக்கக்கூடியது. பூங்கா எல்லைக்கு வெளியே கேன்மோர் ஊரையொட்டிய கிராஸ்ஸி ஏரிகள் சிறியவை, ஆனால் நிறத்தில் பெரிய ஏரிகளுக்குக் குறைந்தவை அல்ல. கனனாஸ்கிஸ் பகுதியில் கூட்டம் இன்னும் குறைவு. அங்கே வண்டி நிறுத்துவதற்கு மாகாண அரசின் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், பான்ஃபுக்கு எடுத்த சீட்டு செல்லாது.

காட்டு விலங்குகள் பற்றியும் ஒரு வார்த்தை. எல்க் மான்களிடமிருந்து 30 மீட்டர், கரடிகளிடமிருந்து 100 மீட்டர் என்பது பூங்கா நிர்வாகம் வகுத்த தூரம். சாலையோரம் கரடி தெரிந்தால் காரைவிட்டு இறங்கிப் படமெடுப்பது அறிவீனம். மலைப்பாதைகளில் நடப்பவர்கள் கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை விமானத்தில் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, கொண்டுபோக முடியாது என்பதால் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும், திரும்பும்போது விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

கால்கரி நகரத்துக்குள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. போ ஆற்றையும் எல்போ ஆற்றையும் ஒட்டி நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதைகளும் நீண்டுகொண்டே போகின்றன. கட்டடக் கலைஞர் சான்டியாகோ கலத்ராவா வடிவமைத்து 2012இல் திறக்கப்பட்ட சிவப்பு நிறப் பாலத்தைக் கடந்து பிரின்ஸஸ் தீவுப் பூங்காவுக்கு நடப்பது ஒரு நல்ல மாலைப்பொழுது. வெயில் நாள்களில் குடும்பம் குடும்பமாகக் காற்றடைத்த மிதவைகளில் ஆற்றோடு மிதந்து போவார்கள். உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

உணவுக்கு வருவோம். இதில் போட்டி சமமானதல்ல. வான்கூவர் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அதற்குக் காரணம் நகர மையத்து உயர்தர உணவகங்கள் அல்ல, கனடா லைன் ரயிலின் மறுமுனையில் உள்ள ரிச்மண்ட். மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் சீன வம்சாவளியினர் என்பதால், அங்கே சமைப்பது சுற்றுலாப் பயணிக்காக அல்ல, சரியில்லையென்றால் அடுத்த வாரம் வராமல் போய்விடும் உள்ளூர்ப் பாட்டிகளுக்காக. காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தால் டிம்சம் என்னும் சீனச் சிற்றுண்டி வகைகள் சுடச்சுடக் கிடைக்கும். பல இடங்களில் தள்ளுவண்டி போய்விட்டது, மேசையில் இருக்கும் தாளில் வேண்டியதைக் குறித்துக் கொடுக்க வேண்டும். இறால் பொதிந்த மெல்லிய மாவுக் கொழுக்கட்டை, ஆவியில் அவித்த அரிசித்தாள் சுருள், முள்ளங்கி அடை என்று நான்கைந்து தட்டுகள் எடுத்தால் இருவருக்குப் போதும். முள்ளங்கி அடையில் உலர்ந்த இறாலோ பன்றிக் கொத்தோ கலந்திருக்கும். சைவம் உண்பவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ரிச்மண்டின் தென்மேற்கு மூலையில் ஸ்டீவ்ஸ்டன் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. 1894இல் கட்டிய மீன் பதனத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக நிற்க, அதற்குப் பக்கத்துப் படகுத்துறையில் மீனவர்கள் படகிலிருந்தே நேரடியாக விற்கிறார்கள். மே மாதத்தில் ஸ்பாட் பிரான் எனப்படும் இறாலின் பருவம் தொடங்கும். உயிரோடு துள்ளும் இறாலை வாங்கியவுடன் தலையை முறுக்கி எடுத்துவிட வேண்டும். செத்தபின் தலையோடு விட்டுவைத்தால் தலையிலுள்ள நொதி சதையைக் கூழாக்கிவிடும் என்று விற்பவரே சொல்லித் தருவார். சமையலறை உள்ள அறை எடுத்தவர்கள் வெண்ணெயும் பூண்டும் போட்டு இரண்டு நிமிடம் வதக்கினால் போதும், மசாலா எதுவும் தேவையில்லை என்று மீன் குழம்பில் ஊறிய நம் நாக்கே ஒப்புக்கொள்ளும் இனிப்பு அதில் இருக்கிறது. கோடையின் பிற்பகுதியில் செந்நிறச் சதையுள்ள சாக்கை சால்மன் வரும்.

கிரான்வில் தீவுச் சந்தை 1979இல் திறக்கப்பட்டது. பழைய தொழிற்சாலைப் பகுதியைச் சந்தையாக மாற்றியபோதும் சிமென்ட் கலவை ஆலையை அப்படியே விட்டுவைத்தார்கள். லாரிகள் இன்றும் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. தேனும் மேப்பிள் பாகும் தடவிப் புகையிட்ட சால்மன் துண்டுகளை இங்கே வாங்கலாம், ஆனால் விலை சுற்றுலா விலை. பஞ்சாபிச் சமையலுக்கு சர்ரே பகுதி. ஜப்பானிய உணவோ நகரமெங்கும், நடுத்தர விலையிலேயே, தரமாகக் கிடைக்கிறது.

கால்கரியின் உணவுப் புகழ் ஆல்பர்ட்டா மாட்டிறைச்சியில் நிற்கிறது. அதை உண்ணாதவர்களுக்கு அந்தப் புகழில் பாதி பயனற்றது. நகரத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க இஞ்சி மாட்டிறைச்சியும் அதே வகைதான். 1970களில் சில்வர் இன் என்ற சீன உணவகத்தில் ஜார்ஜ் வோங் என்ற சமையற்காரர் ஆக்கியது இது. மெல்லிய கீற்றுகளை மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்து, இஞ்சியும் மிளகாயும் கலந்த இனிப்புச் சாற்றில் புரட்டுவார்கள். அந்த உணவகம் 2022இல் மூடப்பட்டுவிட்டாலும், ஊரிலுள்ள சீன உணவகங்கள் பலவற்றிலும் அந்தப் பதார்த்தம் தொடர்கிறது. வியட்நாமிய அகதிகள் வந்து குடியேறியதன் பயனாக நல்ல ஃபோ சூப்பும் ரொட்டிச் சுருளும் மலிவாகக் கிடைக்கின்றன. கால்கரியில் நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான். வடகிழக்குப் பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு. ஆகஸ்டில் டேபர் என்ற ஊரிலிருந்து வரும் இனிப்புச் சோளத்தைச் சாலையோர வண்டிகளில் விற்பார்கள், பார்த்தால் விடாதீர்கள். பான்ஃபில் சாப்பாடு விலை அதிகம், சுவை சுமார். கேன்மோரிலோ கால்கரியிலோ மளிகை வாங்கிக் கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வான்கூவரில் ஜூலை, ஆகஸ்டில் மழை அரிது. நவம்பர் முதல் ஜனவரிவரை மழை ஓயாது. கால்கரியில் வெயில் அதிகம், ஆனால் கோடைப் பிற்பகல்களில் இடியும் ஆலங்கட்டி மழையும் திடீரென்று வரும், செப்டம்பரில்கூடப் பனி பெய்யலாம். குளிர்காலத்தில் கால்கரி உறையும்; இடையிடையே சினூக் என்னும் வெப்பக் காற்று மலையிறங்கி வந்து சில மணி நேரத்தில் இருபது பாகைவரை வெப்பத்தை ஏற்றிவிட்டுப் போகும். கோடையில் காட்டுத்தீப் புகை இரண்டு இடங்களையும் பாதிக்கக்கூடும். அது எந்த வாரம் என்று முன்கூட்டித் தெரியாது.

செலவில் கால்கரி மலிவு என்பது நகரத்துக்குள் மட்டுமே சரி. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை, பொருள்களுக்கு 5 விழுக்காட்டுக் கூட்டாட்சி வரி மட்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான பொருள்களுக்கு மேலும் 7 விழுக்காடு. ஆனால் வாடகைக் கார், எரிபொருள், பூங்கா அனுமதிச் சீட்டு, கோடையில் எகிறும் பான்ஃப் விடுதி வாடகை எல்லாம் சேர்ந்தால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். கால்கரியிலேயே தங்கித் தினமும் மலைக்குப் போய் வரலாம் என்ற கணக்கும் தவறு. லூயிஸ் ஏரிக்கு ஒருவழியே இரண்டு மணி நேரம். இரண்டு இரவு கால்கரியிலும் மீதி இரவுகள் கேன்மோரிலுமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஜூலையில் பத்து நாள் நடக்கும் ஸ்டாம்பீட் விழா 1912இல் தொடங்கிய மாடுமேய்ப்பர் விழா. அதைப் பார்க்கவே வருபவர்கள் தவிர மற்றவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்தால் அறை வாடகை குறையும். அப்போதே போக நேர்ந்தால், ஊரெங்கும் இலவசமாக வழங்கும் பான்கேக் காலை உணவையாவது தவற விட வேண்டாம்.

ஏழு நாளில் ஒரு நாளை வேறெங்காவது செலவிட விரும்பினால், வான்கூவரிலிருந்து விக்டோரியாவுக்கு ஒன்றரை மணி நேரக் கப்பல் பயணம். சுண்ணாம்புக்கல் குழியை ஜென்னி புட்சார்ட் பூந்தோட்டமாக மாற்றிய தோட்டம்தான் அங்கே பெரும் ஈர்ப்பு. அருகிலேயே உள்ள எஸ்க்விமால்ட் கடற்படைத் துறைமுகத்துக்குத்தான் 2010 ஆகஸ்டில் 492 ஈழத்தமிழ் ஏதிலிகளோடு சன் சீ கப்பல் கொண்டுவரப்பட்டது. கால்கரியிலிருந்து என்றால் ட்ரம்ஹெல்லர். வறண்ட, வரிவரியான நிலத்துக்கு நடுவே 1985இல் திறந்த டைரல் தொல்லுயிர் அருங்காட்சியகம். டைனோசர் பித்துள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஒன்றே தராசைச் சாய்த்துவிடும்.

ஆக, வண்டி ஓட்டாதவர்கள், முதியவர்களோடு வருபவர்கள், சாப்பாட்டைப் பயணத்தின் பாதியாகக் கருதுபவர்கள், சைவ உணவுக்காரர்கள் ஆகியோருக்கு வான்கூவரையே சொல்வேன். ஓட்டத் தெரிந்து, ஜூன் இறுதிக்கும் செப்டம்பருக்கும் இடையே வர முடிந்து, மலையே குறிக்கோள் என்பவர்கள் கால்கரியில் இறங்கட்டும். பத்து நாள் கிடைத்தவர்கள் மட்டும் கால்கரியில் இறங்கி வான்கூவரிலிருந்து ஊர் திரும்பும் வகையில் சீட்டு எடுக்கலாம். நடுவில் ரயிலில் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: கால்கரி வழியாக வழக்கமான பயணிகள் ரயில் 1990 முதலே இல்லை, பான்ஃபுக்கும் வான்கூவருக்கும் இடையே பகலில் மட்டும் ஓடும் சுற்றுலா ரயில் ஒன்றுதான் உண்டு, அதன் கட்டணம் விமானக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. ஆகவே விமானம் அல்லது வாடகைக் கார். காரை ஒரு நகரத்தில் எடுத்து இன்னொன்றில் விடுவதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், அந்த மாதங்களில் செல்பவர்கள் டயரைப் பற்றியும் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.